போட்டோ சுருக்கும் லைப்ரரி

கண் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தவள், இருபது வருடத்தில் அதன் வலைச்செயலியையே கவனித்துக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தாள். எல்லாருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. சம்பளப் பிரிவில்கூட அவள் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

ஆறு கிளைகளிலும் அதே செயலிதான். நோயாளியின் போட்டோவை அடையாள அட்டைக்கு ஏற்றபடி சுருக்க மட்டும், வேறு யாரோ வேறொரு கணினி மொழியில் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு, அதாவது லைப்ரரி ஒன்று வேண்டியிருந்தது. அதை ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகத் தயாரித்து நிறுவ வேண்டும். ஒன்றில் சமர்த்தாக ஓடுவது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். நிறுவும் முறையை எழுதிவைத்ததே பதினோரு பக்கம்.

ஐந்தாவது கிளையில் சர்வரை மாற்றிய அன்று லைப்ரரி அசைந்தே கொடுக்கவில்லை. மதியம்வரை மல்லுக்கட்டியவள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். இத்தனை வித்தை தெரிந்த லைப்ரரியிடம் நாம் வாங்குகிற வேலை ஒன்றே ஒன்றுதானே?

மூன்றே நாளில் அந்த வேலையைச் செயலி எழுதப்பட்ட மொழியிலேயே எழுதி முடித்தாள். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேகம் குறையுமேம்மா?"

"அரை செகண்டு கூடுதலா ஆகும் சார்."

"வரிசையில நிக்கிறவங்க கத்துவாங்க."

"பேரு, வயசு கேட்டு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆகுது. வந்துதான் பாருங்களேன்."

வந்து பார்த்தார். முதலில் நின்ற பெரியவர், தன் வயது அறுபத்தெட்டா எழுபதா என்று மனைவியோடு வழக்காடிக்கொண்டிருந்தார். மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பழசைத் தூக்கிடு."

முதல் வாரம் சில போட்டோக்கள் படுத்துக்கொண்டு வந்தன. பழைய லைப்ரரி அவற்றைச் சத்தமில்லாமல் நிமிர்த்தி வந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அதையும் எழுதிச் சேர்த்தாள்.

ஆறாவது கிளைக்கு ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். ஒரே ஒரு கோப்பைச் சர்வரில் நகலெடுத்தாள், ஓடவிட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக் காத்திருந்த அலுவலர் விழித்தார்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான். அந்தப் பேப்பர் பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, எதுக்காவது வச்சுக்கங்க."

அந்த ஊரில்தான் அவளுடைய அக்கா இருந்தாள். கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள்.

"என்னடி இந்த நேரத்துல? வேலை போயிடுச்சா?"

"முடிஞ்சுடுச்சுக்கா."

திரும்பும் ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அக்கா உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள்.