ஏழு மொழிகளில் ஒரு வணக்கம்

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற ஜஸ்டினுக்குப் புரோகிராமிங்கில் தெரியாதது என்று ஏதாவது இருந்தால், அது புரோகிராம் எழுதுவது மட்டும்தான். மற்றதெல்லாம் அத்துப்படி. எந்த மொழிக்கு எந்த நாட்டில் என்ன சம்பளம், எது சாகக் கிடக்கிறது, எது செத்துவிட்டதாகச் சொல்லியும் சாகாமல் இருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். மூன்று வருடமாகத் தன் முதல் மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

பைத்தானில் ஆரம்பிக்கலாம். ஆனால் அது சுலபமாம். சுலபமானதைப் படித்தவனை யார் மதிப்பார்கள்? சி படித்தால் அஸ்திவாரம் பலமாக இருக்குமாம். ஆனால் கஷ்டம். ஜாவா இரண்டுக்கும் நடுவில் இருந்தது, அதனாலேயே அதன் மேல் ஒரு சந்தேகம். இப்படி ஏழு மொழிகளை லேப்டாப்பில் இறக்கி, ஏழிலும் முதல் பாடமான ‘ஹலோ வேர்ல்டு’ எழுதிப் பார்த்தான். உலகத்துக்கு ஏழு தடவை வணக்கம் வைத்த மனிதன், அதற்கு மேல் உலகத்திடம் ஒரு வரி பேசவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இவன் கூடத்தையே ஏழு தடவை மாற்றியாயிற்று.

“ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் கல்யாணம் மாரி மச்சான். தப்பாப் பூட்ச்சுன்னா காலம் பூரா அதோடதான் மாரடிக்கணும்,” என்று ஒரு நாள் போனில் நண்பனுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஆக்னஸ் தலை நிமிராமல், “என்னைக் கட்டிக்கும்போது இவ்ளோ ஆராய்ச்சி பண்ணாப்ல தெர்லையே,” என்றாள். ஜஸ்டின் போனோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

கிண்டல் செய்தாலும் ஆசை அவளுக்கும் இருந்தது. ஜஸ்டின் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். செகண்ட் ஷிஃப்டும் நைட் ஷிஃப்டும் மாறி மாறி வரும். ஏழு வயது மகள் விழித்திருக்கும்போது இவன் தூங்குவான், இல்லையென்றால் வேலையில் இருப்பான். “எங்கப்பா ஞாயித்துக்கெழம மட்டும்தான் வருவாரு” என்று அவள் டீச்சரிடம் சொன்னதாகத் தெரிந்த நாளில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பகல் வேலை வேண்டும் என்றுதான் அவன் புரோகிராமிங் பக்கம் வந்ததே.

அந்தப் பகல் வேலை அவனைத் தேடி வந்தது. மேனேஜர் அரவிந்தன் எல்லோரையும் கூப்பிட்டு, “ரிஜெக்ஷன் ரிப்போர்ட்ட டெய்லி ரெண்டு மணி நேரம் கையாலயே கூட்டிகினு கீறோம். ஒரு பட்டனத் தட்னா வர்ற மாரி யாரு செஞ்சு குடுத்தாலும் பிளானிங் ஆபீஸ்ல எடம் கீது. பகல் ஷிஃப்ட் மட்டும்தான். மூணு வாரம் டைம்,” என்றார். எல்லோரும் ஜஸ்டினைத்தான் பார்த்தார்கள். அவனும் தன்னடக்கத்தோடு சிரித்துக்கொண்டான்.

முதல் வாரம் ஒப்பீட்டு வீடியோக்கள். இரண்டாம் வாரம் நாலு வாட்ஸ்அப் குழுக்களில் கருத்துக்கணிப்பு. மூன்றாம் வாரம் பைத்தான்தான் என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. மிச்சமிருந்தது, அதை எந்த எடிட்டரில் எழுதுவது, திரை கறுப்பா வெள்ளையா என்பதுதான். சனிக்கிழமை கறுப்பு வென்றது.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நிஷா ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பட்டனைத் தட்டினாள். ரிப்போர்ட் வந்து நின்றது. பி.காம். படித்த பெண்.

“எப்டிம்மா பண்ண?” என்றார் அரவிந்தன்.

“போன்ல தேடுனேன் சார். மொதல்ல வந்ததப் போட்டேன், எர்ரர் வந்துச்சு. அந்த எர்ரரயும் தேடுனேன். ஒரு இருவது முப்பது எர்ரர் வந்துருக்கும்.”

ஜஸ்டின் தொண்டையைச் செருமினான். “சார், இது எக்ஸெல் உள்ளயே ஓடுற மேக்ரோ. சுத்தமான புரோகிராமிங்னு சொல்ல முடியாது.”

“ரிப்போர்ட்டு சுத்தமா வருதே ஜஸ்டின்,” என்றார் அரவிந்தன். பிளானிங் ஆபீஸ் நாற்காலிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு நிஷா அவனிடம் வந்தாள். “அண்ணா, இதெல்லாம் ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இனிமே ஒழுங்காப் படிக்கலாம்னு பாக்குறேன். மொதல்ல எந்த லாங்குவேஜ் எடுத்தா நல்லது?”

அவள் கேலி செய்யவில்லை. கேலியாக இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பான். அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஆக்னஸிடம் என்ன சொல்வது, மகளிடம் என்ன சொல்வது? மூன்று வருடமாக வராத பதில் அவன் வாயில் அந்த நொடியே வந்தது.

“எதுனா ஒண்ணு படிம்மா,” என்றான். “எல்லாம் ஒண்ணுதான்.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.