என் நோட்டில் எட்டுத் திருத்தங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், அம்பத்தூரில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "இந்த ஒரு தடவைதான். வரலைன்னா பழைய வேலைக்கே போயிடு" என்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எதிர் மேஜையில் ஒரு பெண். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். மாதிரித் தேர்வு எது வைத்தாலும் அவள்தான் முதல். எவ்வளவு முடித்தாய் என்று கேட்டால், "ஐயோ, ஒண்ணுமே படிக்கலக்கா" என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடையில், நூலகத்தில் படிக்கும் எங்கள் கூட்டத்துக்குள் அவள் பெயர் 'படிப்ஸ்'. சில நாள் 'கலெக்டரம்மா'. மார்க் வந்தால் 'ஆன்ஸர் கீ'.

இடம் பிடிக்க நோட்டை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கம். ஒருநாள், எங்களோடு படிக்கும் அம்பத்தூர்க்காரி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யக்கா, நீ இங்க ஜாலியா டீ குடிச்சிகினு கீற. அங்க படிப்ஸு உன் நோட்ட தொறந்து பாத்துகினு கீது!"

எனக்குப் பகீரென்றது. மறுநாள் ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். உண்மைதான். அடிப்பாவி, ஒரு வருட உழைப்பாயிற்றே! தேர்வுக்கு மூன்றே வாரம். நேரில் கேட்கத் தைரியமில்லை. குறுக்குப் புத்தி மட்டும் நன்றாக வேலை செய்தது. நோட்டில் ஏழு இடங்களில் வேண்டுமென்றே தப்பாக மாற்றினேன். வேலூர்ப் புரட்சியை 1809 ஆக்கினேன். தீண்டாமை ஒழிப்புச் சட்டப்பிரிவு பதினேழைப் பத்தொன்பது ஆக்கினேன். நன்றாக மனப்பாடம் பண்ணு தாயே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து புரட்டினால், ஒவ்வொரு தப்பின் பக்கத்திலும் பென்சிலில், பொடி எழுத்தில் சரியான விடை. எண்ணினேன். எட்டு இருந்தன. எட்டாவது நான் மாற்றியதே இல்லை. ராஜ்ய சபா உறுப்பினராகக் குறைந்தபட்ச வயது இருபத்தைந்து என்று ஒரு வருடமாக நம்பிப் படித்திருக்கிறேன். அவள் அதை அடித்து முப்பது என்று எழுதியிருந்தாள்.

அவளிடம் போய் நின்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"சாரிக்கா. நீங்க எதுவரைக்கும் முடிச்சிருக்கீங்கன்னு பாக்கத்தான் தொறந்தேன். தப்பா இருந்துச்சு. அப்படியே விட மனசு கேக்கல. ரொம்ப அசதியில எழுதுனீங்களாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, பழைய வேலைக்கே போய்விட்டேன். அவள் திருட்டுத்தனமாக என் நோட்டைப் பார்த்தது நிஜம்தான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் என்னைப் போன்ற மனசுதான் இருக்கும் என்று நினைத்தேனே, அந்த ஒரு தப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.