யூரியா மூட்டைக்குக் குடை பிடித்தோம்!

ஓடினேன்.

காலை நடைக்கே தினமும் ஒரு சாக்குச் சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் போன மாதம் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரிசல் காட்டில் ஓடினேன். எதற்குப் பின்னால்? ஒரு யூரியா மூட்டைக்குப் பின்னால்!

மூட்டை தானாக ஓடுமா... என் தங்கை கணவர் ஆரோக்கியத்தின் தோளில் ஏறி ஓடியது. அவரைத் துரத்திக்கொண்டு தங்கை ஜெயராணி. அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க நான். மூன்று பேர் தலைக்கு மேலும் வானம் இருண்டு, இதோ கொட்டுகிறேன் என்று நின்றது.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஜெயராணி என் சித்தி மகள். திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைத்துவிட்டு வரலாம் என்று பாளையம்பட்டியில் பஸ் ஏறிப் போயிருந்தேன்.

அந்த ஊரில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். துணி துவைக்கலாம், மாடு கழுவலாம். வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் உலை வைக்கவும் ஊருணிதான் கதி. மேட்டுப் புஞ்சைகளில் பெய்கிற மழை ஒரு வரத்துக்கால் வழியாக ஓடிவந்து ஊருணியில் சேரும். ஊரின் உயிர் அந்தக் கால்வாயில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அந்த ஊருணி பச்சையாகிவிட்டது. லேசான பச்சை இல்லை — பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. குடத்தை முக்கினால் கொழகொழவென்று பாசி. கிட்டப் போக முடியாத வாடை. ஊரே கேன் தண்ணீருக்காக டவுனுக்கு வண்டி விட்டது.

என்ன காரணம்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேளாண்மை ஆபீஸில் இருந்து வந்த ஒரு அம்மா, வரத்துக்கால் ஓரமாகவே நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பயிருக்கு நீங்க வச்ச சாப்பாட்டைப் பாசி சாப்பிட்டுருக்கு. அம்புட்டுதான்."

இதில் எங்கள் சீமைக்கே உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. மேகம் கருத்தால் போதும், உரத்தை அள்ளிக்கொண்டு காட்டுக்கு, அதாவது புஞ்சைக்கு, ஓடுவோம். மழைக்கு முந்தி வீசிவிட வேண்டும்! மடத்தனம் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கரிசல் மண்ணோடு பழகியவர்களுக்குத் தெரியும். காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நல்ல மழை விழுந்தால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு விடாது. இறங்கி வேலை பார்க்கிற பதம் வந்ததா என்று பார்ப்பதற்குள் மறுபடி காய ஆரம்பித்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க ஆள் தேடும்... யாருக்குத்தான் ஆள் கிடைக்கும்? அதனால்தான் மேகத்தைக் கண்டதும் ஓட்டம்.

மழை நிதானமாகப் பெய்தால் பிழைத்தோம். அடித்துக் கொட்டினால்? உரம் வெள்ளத்தோடு ஊருணிக்குப் போய்விடும். காட்டில் பயிர் பட்டினி. ஊருணியில் பாசிக்கு விருந்து.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியவள் ஜெயராணிதானாம். வரத்துக்கால் ஓரத்துக் காட்டுக்காரர்கள் யாரும் மழைக்கு முந்தி உரம் வீசக் கூடாது. வெள்ளம் ஓடி அடங்கிய பிறகு, ஈரத்தில், செடிக்குச் செடி வைத்து மண்ணை மூட வேண்டும். அதையும் மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். கால்வாய் ஓரம் கொஞ்சம் உழாமல் புல்லுக்கு விட வேண்டும். எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவதாக இருந்தால் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடக்கிறது என்று தெரிந்ததால், இந்த வருஷம் அதைத் தருகிற டிஏபி உரத்துக்கும் லீவு!

ஊர் தலையாட்டியது. ஆனால் வரத்துக்காலை ஒட்டிய முதல் காடு யாருடையது? ஜெயராணியுடையது.

"மொதல்ல ஒன் வீட்டுக்காரர் கையைக் கட்டு தாயி. பெறகு ஊரைக் கட்டலாம்" என்று கூட்டத்துக்குள் இருந்து ஒரு பெண் குரல். ஒரே சிரிப்பாம்.

நான் போன அன்றைக்கு அவள் நிலைமை இதுதான். முழங்கால் உயரத்துக்கு வந்த மக்காச்சோளம், உரம் கேட்டு மஞ்சளாக நிற்கிறது. ஒரு பக்கம் ஊருக்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் வருஷத்து வெள்ளாமை. மேலே மேகம்!

வரத்துக்கால் ஓரத்தில் காடு இல்லாதவர்களுக்குத் தடை இல்லையே; அந்த மேகத்துக்கு அவர்கள் எழுந்த எழுச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பைக்கில் மூட்டை, தலையில் மூட்டை, கையில் பிளாஸ்டிக் சட்டி... திருவிழா தோற்றது போங்கள். ஆரோக்கியத்துக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார்.

"மச்சான், நீங்க காப்பியைக் குடிங்க. நான் ஆட்டைப் பாத்துட்டு வாரேன்" என்று கொல்லைப்புறமாக நழுவினார்.

கொஞ்சம் கழித்து ஜெயராணி தலையைத் தூக்கினாள். "அண்ணே, ஆடு பூராம் இந்தா வாசல்ல கட்டிக் கெடக்கு. இந்த மனுசன் எந்த ஆட்டைப் பாக்கப் போனாரு?"

அப்போது ஆரம்பித்ததுதான் அந்த ஓட்டம்.

நாங்கள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரோக்கியம் மூட்டை வாயைப் பிரித்து, சட்டியில் அள்ளியிருந்தார்.

"ஒரு சட்டி, ராணி. ஒரே ஒரு சட்டி. மேல்பக்கம் மட்டும் வீசிட்டு வந்துர்றேன்."

"மேல்பக்கம் போட்டா மேல்பக்கமேவா உக்காந்துருக்கும்? தண்ணி கீழ வராதா?"

"பயிரு மூஞ்சியைப் பாரு. மஞ்சக்காமாலை வந்தது கணக்கா நிக்குது. பேஞ்சு முடிஞ்சா உள்ள எறங்க முடியாது. எறங்குற நேரத்துக்கு ஆளுக்கு எங்க போவ? ஈரம் போயிட்டா அடுத்த மழைக்கு நீ பொறுப்பா?"

ஜெயராணி பயிரையே பார்த்தாள். அவர் பயம் அவளுக்கும் இருந்தது.

பக்கத்துக் காட்டில் கருப்பசாமி அண்ணாச்சி கை கையாக அள்ளி வீசிக்கொண்டிருந்தார். அவர் காட்டுத் தண்ணீர் வரத்துக்காலில் சேராது, சரிவு மறுபக்கம். அங்கிருந்தே குரல் விட்டார்: "ஏலே ஆரோக்கியம்! மழை தலைக்கு மேல நிக்குது. நீ என்னலே கல்யாண போட்டாவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற?"

ஆரோக்கியத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டியைத் தூக்கினார். ஜெயராணி செய்தாள் பாருங்கள் ஒரு காரியம் — சட்டியை வெடுக்கென்று பிடுங்கி மூட்டைக்குள் கவிழ்த்தாள். மூட்டை வாயைச் சுருட்டினாள். அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்!

"இப்ப எடுங்க, பாப்போம்."

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க!"

நான் என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளை சொல்வதும் நியாயம். தங்கச்சி சொல்வதும் நியாயம். இரண்டு பக்கமும் தலையாட்டினேன். பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு வியாதி.

நல்லவேளை, வானமே பேசிவிட்டது. பெய்தது பாருங்கள் ஒரு மழை! தூறல், சாரல் என்ற முன்னுரையே கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அடி. பிரித்த மூட்டை நனைந்தால் எல்லாம் கரைந்து கால்வாய்க்குப் போகும். என் கக்கத்தில் இருந்த குடை விரிந்தது... யாருக்கு? மூட்டைக்கு! ஆரோக்கியம் தலைத்துண்டை அவிழ்த்து மூட்டையின் வாயில் திணித்தார். ஒரு யூரியா மூட்டைக்கு மூன்று பேர் காவல் நின்று, மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். முதலில் சிரித்தது ஆரோக்கியம்தான். "மச்சான், என் கல்யாணத்துல எனக்குக்கூட நீங்க இப்பிடிக் குடை பிடிக்கல."

நான் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த நாட்களில் ஆரோக்கியத்தின் போனில் சிரிப்பு இல்லை. "கால் பொதையுது மச்சான். உள்ள போக முடியல. தெரு பூராம் ஆள் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் அவுகவுக காட்டு வேலைன்னுதான் சொல்லுதாக."

எனக்கே குற்றமாக இருந்தது. வாக்கு ஜெயித்து வெள்ளாமை தோற்றுவிடுமோ?

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்த கையோடு ஜெயராணி கூப்பிட்டாள். "அண்ணே, மண்ணு பதத்துக்கு வந்துருச்சு. இன்னைக்கு விட்டா காஞ்சுரும். வாரீகளா?"

போனேன். போய்ப் பார்த்தால், காடு நிறையப் பெண்கள்!

ஊருணியில் குடத்தோடு நிற்கிற அத்தனை பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டில் நிற்கிறார்கள். காலில் ஆளுக்கொரு மண் செருப்பு. செடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி, அதில் கொஞ்சம் யூரியா, மேலே மண். அடுத்த செடி. கூட்டத்தில் கேலி பேசிய முத்துலட்சுமிதான் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம் முத்துலட்சுமி பக்கத்தில் ஓடினார். "மதினி, கூலி என்னன்னு சொல்லிருங்க..."

"ஒங்க கூலி யாருக்கு வேணும்? எங்க தண்ணிக்காக வந்துருக்கோம். நீங்க மேகத்தைப் பாத்து வீசாம இருந்தீகளே, அது போதும்" என்றார் முத்துலட்சுமி. பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன, கரை வேட்டியோட வேடிக்கை பாக்க வந்தீகளா? எறங்குங்க!"

இறங்கினேன். மூன்று தடவை வழுக்கினேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் அன்றைய வேலை பாதி குறைந்திருக்கும்.

போன வாரம் மறுபடி போய்ப் பார்த்தேன். மக்காச்சோளம் கரும்பச்சையில் தோளை நிமிர்த்தி நிற்கிறது. ஊருணி நிறைந்து, கலங்கல் தெளிந்து, தண்ணீருக்குள் வானம் தெரிகிறது. இன்னும் மழை இருக்கிறது, இன்னொரு தவணை உரம் இருக்கிறது. ஆனாலும் ஒரு குடம் மொண்டு அண்ணாந்து குடித்தபோது, கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு!

ஜெயராணி, முத்துலட்சுமியோடு திரும்பும் வழியில் பார்த்தால், கருப்பசாமி அண்ணாச்சி காடுதான் பாவம். பயிர் திட்டுத் திட்டாக மஞ்சள். காட்டுக்குக் கீழே ஓடுகிற ஓடையின் கரைப் புல் மட்டும் ஆள் மறைக்கிற உயரம்.

"அண்ணாச்சி, புல்லுக்கு நல்லா உரம் வச்சிருக்கீக போல!" என்றார் முத்துலட்சுமி.

"போனது என் உரம். அந்தத் தண்ணி நம்ம ஊருணிக்கா வருது? கீழூர் ஊருணிக்குத்தான போவுது. ஒங்களுக்கு என்ன நட்டம்?" என்று சிடுசிடுத்தார் அவர்.

ஜெயராணி மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, ஒங்க மக செல்வியை எந்த ஊர்ல கட்டிக் குடுத்துருக்கீக?"

அண்ணாச்சி ஓடையைப் பார்த்தார். அது கீழூர்ப் பக்கம் வளைகிற இடம் வரைக்கும் பார்த்தார்.

நாங்கள் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். "ஏ தாயி... அடுத்த மழைக்கு நான் வீசாம இருந்தா, பெறகு எங்காட்டுக்கும் வருவீகளா?"

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் — உங்கள் காட்டுத் தண்ணீர் யார் வீட்டுக் குடத்துக்குப் போகிறது?