மாமி மினுக்கிய செப்பு மூடி

பழப்புளியும் சாம்பலும் சேர்த்துச் செம்பைத் தேய்க்கும்போது எழும் மணம், வெடித்த உதட்டை நக்கினால் வாய்க்குள் வருகிற இரத்த மணம்தான். கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்த மணம் எந்நாளும் நிற்கும். ஓமத்தண்ணி வடிக்கிற செப்புப் பானையும், கோபுரம்போல் குவிந்த மூடியும், மூடியிலிருந்து வளைந்து குளிர்நீர் வாளிக்குள் இறங்கிப் போத்தலில் சொட்டுகிற குழாயும் எங்களிடம் இருந்தன. மருந்து வராத காலம் என்பதால், வயிறு ஊதி வீரிட்டு அழும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் எங்கள் படலை வாசலுக்கு வருவார்கள்.

அடுப்பில் ஏற்றுமுன் ஒவ்வொரு முறையும் மினுக்க வேண்டும், நேற்று மினுக்கியதென்றாலும் மினுக்க வேண்டும் என்பது அப்பாவின் அக்காவான மாமியின் சட்டம். குழாய்க்குள் புளித்தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டிய சீலைத்துண்டை ஒரு வாயால் விட்டு மறு வாயால் இழுப்பார். "செம்பில பச்சை பிடிச்சால் அது மருந்தில்லை, நஞ்சு. குஞ்சுகளின்ரை வயித்துக்கை போற சாமான்" என்பார். கலியாணம் செய்யாத மாமிக்கு ஊர்க் குழந்தைகள் எல்லாமே "குஞ்சுகள்"தான்.

இதில் மாமிக்கும் அம்மாவுக்கும் ஓயாத பகிடி. அம்மா வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். சின்ன வயதில் முறிந்து பொருந்திய மணிக்கட்டு மாமிக்குத் திரும்பாது. அதனால் மேலிருந்து கீழே ஒரே நேராக இழுப்பார். "என்ன பிள்ளை உது, பானையில தோசை வாத்து வைச்சிருக்கிறாய்?" என்று மாமி கேட்பார். "மச்சாள் மினுக்கினால் பானைக்கு மேலை மழையெல்லோ பெய்யுது" என்று அம்மா திருப்பிக் கொடுப்பார். உண்மைதான், வெயிலில் பிடித்தால் அந்தக் கோடுகள் மழைத்தாரைகள்போலவே தெரியும்.

சண்டை நெருங்கி ஊரே எழும்பிப் போன அந்த மாரிகாலத்தில், வடித்து முடித்த பானையைக் கழுவவும் நேரம் கிடைக்கவில்லை. ஓமச் சக்கை ஒட்டியபடியே எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி, குசினிக்குப் பின்னால் வாழையடியில் அப்பா புதைத்தார். மாமி வர மறுத்துவிட்டார். "தம்பி, நீ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ. சாமி அறையில விளக்கு வைக்க ஒராள் வேணும்." தூக்கிக்கொண்டு போவேன் என்று அப்பா சொன்னதற்கு, உரலில் இறுக்கமாகக் குந்திக்கொண்டு, "தூக்கு பாப்பம். பிறகு உன்னைத் தூக்கத்தான் ஆள் தேட வேணும்" என்று சிரித்தார். நாங்கள் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த மாதங்களில், அப்பா வெள்ளிதோறும் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனிடம் ஒன்றையே கேட்டார்: அக்காவை உயிரோடு காட்டு. என் தம்பி அங்கேதான் பிறந்தான்.

சித்திரையில் திரும்பி வந்தோம். வீடு இருந்தது, மாமி இல்லை. அவருடைய பாய் சுருட்டியபடி கிடந்தது. ஊரில் எஞ்சியிருந்த எவரும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. வந்த கையோடு தம்பிக்கு வயிறு கல்லாக ஊதிவிட்டது. கடையும் இல்லை, ஆசுப்பத்திரியும் திறக்கவில்லை. அப்பா அலவாங்குக் கம்பியோடு வாழையடிக்குப் போனார். பக்கத்து வளவுச் செல்லத்துரையர் மண்வெட்டியோடு உதவிக்கு வந்தார்.

மண் இறுகிப்போயிருந்தது. இடுப்பளவு பற்றை; நடுவே முளைத்த வாழைக்குட்டி ஒன்றின் வேர்கள் சாக்கைச் சுற்றிப் பொத்திப் பிடித்திருந்தன. நல்ல பகல், வெயில் எரிக்கிறது, ஒரு காகம்கூடக் கத்தவில்லை. செல்லத்துரையர் வேர்களை வெட்ட, அப்பா சாக்கைக் கிழித்தார். பச்சை பிடித்த செம்பை எதிர்பார்த்து நின்ற எங்கள் கண்களில் வெயில் பட்டுத் தெறித்தது. பானையும் மூடியும் குழாயும் சற்றுமுன் மினுக்கி வைத்ததுபோல் கிடந்தன. சக்கையின் துணுக்குக்கூட இல்லை. குழிக்குள்ளிருந்து பழப்புளி மணம் எழும்பியது.

அம்மா மூடியைச் சரித்துப் பார்த்தார். உச்சியிலிருந்து விளிம்புவரை நேர்க்கோடுகள்.

"இது மச்சாளின்ரை கை" என்றார்.

அப்பா துள்ளி எழும்பினார். "அப்ப அக்கா இருக்கிறா! நாங்கள் போனாப் பிறகு எடுத்து மினுக்கித் திருப்பி மண்ணுக்கை தாட்டிருக்கிறா."

"உந்த வேரைப் பார் தம்பி, மாதக்கணக்காய் ஒருத்தரும் கிண்டேல்லை" என்று செல்லத்துரையர் மெதுவாகச் சொன்னார். "மாரி முழுக்க ஈர மண்ணுக்கை கிடந்த செம்பு உப்பிடி இருக்குமே?" பிறகு நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, மண்வெட்டியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கிணற்றடி, மாட்டுக்கொட்டில், அயல் வளவுகள் எல்லாம் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுத் திரிந்தார். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டபின், பதிலுக்கு இடம் விட்டு நிற்பார். எனக்கு அந்த இடைவெளிதான் பயம். அதற்குள் யாரோ பேசுவதற்கு மூச்செடுப்பதுபோல் இருக்கும்.

திரும்பி வந்தவர், அம்மா புளியும் சாம்பலும் கொண்டுவருவதைக் கண்டதும் மூடியையும் பானையையும் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கை வையாதை. அக்கா இருக்கிறா எண்டதுக்கு இந்தக் கோடுதான் சாட்சி."

தம்பி நீலம் பாரித்து வீரிட்டான்.

"மினுக்காமல் அடுப்பில ஏத்தினால், மச்சாள் எங்கை இருந்தாலும் வந்து உங்கடை கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுப்பா" என்றார் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொடுத்துவிட்டார். அம்மா பானையையும் மூடியின் உட்புறத்தையும் தன் வட்டங்களால் நெடுநேரம் மினுக்கினார். மாமியின் கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. மருந்து தொடாத இடமான மூடியின் வெளிப்புறத்தை மட்டும் அவர் ஈரத்துணியாலும் தொடவில்லை. ஓமத்தண்ணி பளிங்காகச் சொட்டியது. தம்பி பொழுதுபடுமுன் தூங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகளுக்கு வடித்தோம். அந்த வெளிப்புறத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. மாமிக்கு அந்தியேட்டி என்கிற ஈமக்கிரியை செய்யவும் அப்பா விடவில்லை. "இருக்கிற ஆளுக்கோ எள்ளுத்தண்ணி இறைக்கிறது?" என்று ஐயரையே பேசி அனுப்பினார். வருடத்துக்கு வருடம் செம்பு கறுத்தது, பிறகு பச்சை பிடித்தது. அப்பா வெயிலில் மூடியைச் சரித்துச் சரித்துக் கோடு தேடுவார். "ஓம், தெரியுது" என்பார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா காலமாகி, அவருடைய அந்தியேட்டிக் கிரியையில், இறந்துபோன உறவுகளின் பெயர்களைச் சொல்லும்படி ஐயர் கேட்டார். எல்லாப் பெயரும் சொல்லி முடிந்தபிறகு அம்மா ஒருமுறை வாசலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மாமியின் பெயரையும் சொன்னார்.

இப்போது ஓமத்தண்ணி பாமசிக் கடையில் போத்தலில் வருகிறது. எங்கள் படலைக்குக் குழந்தையைத் தூக்கி வருபவர் எவருமில்லை. கனடாவில் இருக்கும் தம்பி, தான் காணாத மாமியின் படம் கேட்கிறான். படங்கள் எல்லாம் அந்த மாரியோடு போயின. கடவுள் செய்ததைக் கேள்வி கேட்க எனக்குப் படிப்பும் இல்லை, மனமும் இல்லை. விளக்கு வைக்கும்போது மாமிக்காகவும் ஒரு தேவாரம் பாடுகிறேன். சில வேளை மூடியை மடியில் வைத்து விரலை ஓட்டிப் பார்ப்பேன். சொரசொரவென்று களிம்புதான் கையில் படுகிறது. கீழே கோடுகள் இருக்கும் என்றே நம்புகிறேன். பார்ப்பதென்றால் களிம்பை மினுக்கி எடுக்க வேண்டும். மினுக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும்.