எல்லாருக்கும் இரண்டு புள்ளி ஏழு

“பதில் சொல்லாத டீச்சருக்கு எதுக்கும்மா சம்பளம்?”

எங்கள் ஹெச்.எம். மேடம் அப்படித்தான் கேட்டார். ஒன்பதாம் வகுப்புக்குப் பொருள்களின் பண்புகளை நோட்ஸ் கொடுத்து நடத்தமாட்டேன், ஒரு சிக்கலைக் கொடுத்து அவர்களையே விடை தேட வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு அந்தக் கேள்வி. “நீயும் நோட்ஸ் படிச்சுத்தானே பாஸ் பண்ணே?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆமாம், அப்படித்தான் பாஸ் செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் எம்.எஸ்சி., அதற்குமேல் பி.எட். மனப்பாடம் ஒருவரை எதுவரை கூட்டிப்போகும், எங்கே இறக்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாளாவது கொடுங்கள் என்று விடாமல் கேட்டேன்.

கடைசியில், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடையும் கொடுத்தார். ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். சரிப்படவில்லை என்றால் அந்த நேரம் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாசுக்குப் போய்விடும்.

ஒரகடம் காயலாங்கடையில் உடைந்த கதவுக் கைப்பிடித் துண்டுகளைப் பொறுக்கி வாங்கினேன். வெள்ளை வெளேரென்று அலுமினியம் போலவே இருக்கும். ஆனால் அத்தனையும் துத்தநாகக் கலவை, இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி. குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். “விக்க வந்த ஆளு இது அலுமினியம்னு சத்தியம் பண்றாரு. உண்மையா? உருக்காம கண்டுபிடிங்க.”

முதல் சந்தேகம் உடனே வந்தது. “மிஸ், இது எத்தன மார்க் கொஸ்டின்?”

இரண்டாவது: “ஆன்சரச் சொல்லிடுங்க மிஸ், அதுக்கேத்த மாதிரி ரீடிங் கரெக்டா கொண்டாந்துர்றோம்.”

கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்கள்.

ஹெச்.எம். பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்த அன்றுதான் அளந்தார்கள். தராசில் நிறை, அளவு ஜாடியில் தண்ணீர் ஏறுவதை வைத்துப் பருமன், இரண்டையும் வகுத்தால் அடர்த்தி. ஒவ்வொரு குழுவும் விடையைக் கரும்பலகையில் எழுதியது. இரண்டு புள்ளி ஏழு. அடுத்த குழு, இரண்டு புள்ளி ஏழு. எல்லாக் குழுவுக்கும் அதே. புத்தகத்தின் அட்டவணையில் அலுமினியத்துக்கு நேரே இருக்கும் எண்.

“பரவால்லையேம்மா, எல்லாருக்கும் கரெக்டா வந்திருக்கே!” என்றார் ஹெச்.எம். அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டிருந்தால் வெள்ளிக்கிழமை என்னுடையது. ஜாடியைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரற்கடைதான் ஏறியிருந்தது. அவர்கள் எழுதியிருந்த பருமனுக்கு இரண்டு விரற்கடைக்கும் மேல் ஏறியிருக்க வேண்டும். நிறையை இரண்டு புள்ளி ஏழால் வகுத்து, வந்ததைப் பருமன் என்று எழுதியிருக்கிறார்கள். வகுத்தலில் மட்டும் ஒரு பிசகுமில்லை.

“எல்லாமே தப்பு மேடம்” என்றேன். “இது அலுமினியமே இல்ல.”

ஒருவன் நியாயம் பேசினான்: “எங்கக்கா கம்பெனில ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே செக் ஷீட் ஃபுல்லா ஓகே போட்டு வெச்சுடுவாங்க மிஸ். அப்பதான் லைன் நிக்காம ஓடும்.”

“இன்னா மிஸ், விக்கிற ஆளு சத்தியம் பண்ணான்னு நீங்கதான சொன்னீங்க?” என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஹெச்.எம். சிரிக்கவில்லை.

“பாத்தியா? நோட்ஸ் குடுத்திருந்தா இந்தக் குழப்பமே இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து டென்த் பசங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் என் கோபம் உச்சத்துக்குப் போனது. தாள்களை வாங்கும்போது ஒன்றில் அழித்த தடம் தெரிந்தது. கீழே மங்கலாக ஆறு புள்ளி ஆறு. சரியான விடை! அந்தக் குழுவுக்கு அளந்து எழுதியவள் முன்பெஞ்சுப் பெண். பென்னலூரிலிருந்து வருகிறவள், வாயே திறக்கமாட்டாள்.

“ஏம்மா அழிச்சே?”

“எல்லாருக்கும் ரெண்டு புள்ளி ஏழு மிஸ். எனக்கு மட்டும் வேற வந்துச்சு. மூணு வாட்டி அளந்தேன், அப்பவும் அதேதான் வந்துச்சு. நான்தான் சரியா பண்ணலன்னு...”

மூன்று முறை அளந்திருக்கிறாள்! இவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் செய்யாமல், “கையெழுத்து நல்லாருக்கு, ரப்பர் வேணாம்” என்று ஏதோ உளறினேன்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஆனால் என் வழக்கமான பீரியட் என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆளுக்கொரு உலோகத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். ஆணி, உடைந்த குழாய், மூடி, பெயர் தெரியாத பாகங்கள் என்று மேசை நிறைந்துவிட்டது. பென்சிலும் ரப்பரும் பைக்குள்ளே போகட்டும், பேனாவால் எழுதுங்கள் என்றேன்.

“மிஸ், இது இன்னா மெட்டல்? க்ளூவாவது குடுங்க.”

“எனக்கே தெரியாது.”

ஒருவரும் நம்பவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டுபோய் முதலில் அந்தப் பெண்ணின் பெஞ்சில் வைத்தேன்.