செவலைக்காகப் போட்ட மாலை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திண்டுக்கல் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமந்த இதே முதுகுதான் பிறகு சொந்தமாகக் கமிஷன் மண்டி வைத்தது, சரக்கு அடுக்கக் கிட்டங்கி கட்டியது, லாரி வாங்கியது, நாகல் நகரில் மாடி வைத்து வீடு எழுப்பியது, இரண்டு பெண்களைக் காந்திகிராமத்தில் படிக்க வைத்தது. யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அன்று என்னைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் இன்று என் வீட்டு விசேஷத்தில் முன்வரிசையில் உட்காருகிறார்கள். எதற்கும் அசராத இப்பேர்ப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவள் என் வீட்டுக்காரி. அதுவும் ஒரு பூனை விஷயத்தில்.

கிட்டங்கிக்கு எலி பிடிக்க வந்த பூனை செவலை. வயதானதும் வீட்டோடு வந்துவிட்டது. ஒரு கோடையில் வைத்த தண்ணீரையெல்லாம் குடித்தது, நன்றாகத் தின்றும் இளைத்தது, பின்னங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. கால்நடை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துச் சர்க்கரை என்றார். காலையும் மாலையும் சாப்பாடு, சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி, உயிர் உள்ளவரைக்கும். எனக்கும் அதே நோய், அதே ஊசி. செய்தி மார்க்கெட்டுக்குப் போனால் மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா விடுவார்களா? “மொதலாளி, ஒரே ஊசியில ரெண்டு பேருக்கும் முடிச்சுக்கலாம்ல, செலவு மிச்சம்” என்றான் ஒருவன்.

செலவு சாதாரணமில்லை. மருந்து, பரிசோதனை, ஆட்டோ எல்லாம் சேர்ந்து, வெங்காய விலை விழுந்திருந்த அந்த வருடத்தில் எனக்கே கண்ணைக் கட்டியது. பூனைக்குப் போய் இம்புட்டா என்று முணுமுணுத்தேன். வீட்டுக்காரி சண்டை போடவில்லை. கன்னிவாடிப் பக்கம் அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பூக்காசில்தான் சேலை எடுப்பாள். சேலையை நிறுத்தி, அந்தக் காசைச் செவலையின் மருந்துக்குத் திருப்பினாள். எனக்கு ஊசி போடப் பயந்து மகளைக் கூப்பிடுகிறவள், செவலையின் பிடரித்தோலைத் தூக்கிப் பிடித்து அதற்கே தெரியாமல் போட்டுப் பழகினாள். தம்பி மகள் கல்யாணத்தில்கூடத் தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி ஊசி நேரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அதோடு நிற்கவில்லை. செவலை தேறினால் போதும் என்று பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு தைப்பூசத்துக்கு மாலை போட்டாள். மாலை போட்ட வீட்டில் கவுச்சி நுழையக் கூடாது. அவித்த கோழி தின்று பழகிய பூனைக்குத் தயிர்சாதம் வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பசித்தால் தின்னும் என்று நம்பி, நேரம் தப்பக் கூடாதென்று ஊசியைப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் செவலை தள்ளாடியது, சுவரில் போய் முட்டியது, விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது. சர்க்கரை ஏறிவிட்டது என்று பதறி இன்னொரு ஊசியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் உடம்பு எப்படி உதறும், கண் எப்படி இருட்டும் என்று அனுபவித்தவன் நான். “ஏறல புள்ள, எறங்கிருச்சு” என்று சொல்லிவிட்டுச் சீனியைத் தண்ணீரில் குழைத்து அதன் ஈறில் தடவினேன். ஆட்டோவிலும் தடவிக்கொண்டே போனேன். மருத்துவர் மீதியைப் பார்த்துக்கொண்டார். பிழைத்தது.

வீடு திரும்பியதும் அவள் சாமி படத்தின் முன்னால் நின்று கும்பிட்டாள். பிறகு, கோழிக்கறி வாங்கி வரச் சொன்னாள். மாலை கழுத்தில் இருக்கும்போதே கொல்லையில் அடுப்பு மூட்டித் தன் கையாலேயே அவித்தாள். நேர்த்திக்கடன் கெட்டுப்போகும் என்று பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார். “வேண்டிக்கிட்டது நான்தான்க்கா. பூனையா மாலை போட்டிருக்கு?” என்றாள் இவள். அந்த அம்மாவின் தலை மதிலுக்குக் கீழே இறங்கியது. இத்தனை வருட வியாபாரத்தில் இப்படி ஒரு நியாயத்தை நான் கேட்டதில்லை. சொன்னபடியே ஒட்டன்சத்திரம் வழியாக வெறுங்காலோடு பழனிக்கு நடந்தாள். பாதமெல்லாம் கொப்புளத்தோடு திரும்பியவள் முதலில் கேட்டது செவலை சாப்பிட்டதா என்றுதான்.

அதன்பிறகும் செவலை நன்றாக வாழ்ந்து, மூப்பில்தான் போனது. இப்போதும் சொந்தக்காரர்கள் வந்தால் இந்தப் பேச்சு எழும். முருகன் காப்பாற்றினான் என்பாள் அவள். அம்மாதான் காப்பாற்றினாள் என்பார்கள் மகள்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஊசியைத் தடுத்தது யார்? அவள் பழனிப் பாதையில் இருந்த நாட்களில் கோழி அவித்துப் போட்டு, நேரம் பார்த்துப் பூனைக்கு ஊசி குத்தியது யார்? இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், முருகனுக்கும் அவளுக்கும் அடுத்தபடியாகவாவது, என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.