கன்னத்தில் வந்த படர்தாமரை

நான் ஐந்தாம் வகுப்பை முடித்த வருஷக் கடைசியில் என் இடது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், ஒரு படர்தாமரை வந்தது. முதலில் மிளகளவு. பிறகு ஓரம் சிவந்து, நடுவில் செதில் விட்டு, காசளவுக்கு வளர்ந்தது. மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, பெரிய டீச்சர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"புள்ள நல்லா வாசிக்கிறா. ஆனா இது மத்தப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். மாறினதும் கூட்டிட்டு வாங்க. இடம் நிரம்புறதுக்குள்ள வாங்க."

எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. ஐந்து முடிந்தால் ரப்பர் பால் வாளிதான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படர்தாமரைக்கு மருந்து ரப்பர் ஸ்டோரில் இருந்தது. பாலை உறைய வைக்கும் அசிட்டில் தண்ணீர் கலந்து தடவுவார்கள். எவ்வளவு தண்ணீர் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டோரில் வேலை செய்த மாமா ஒரு சீசாவில் கொண்டுவந்து, கோழி இறகால் தானே தடவினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எரிஞ்சாத்தானே புள்ள மருந்து" என்றார் மாமா.

"ஒங்க மூஞ்சியில தடவிக்கிட்டுச் சொல்லுங்கண்ணே." அம்மா சீசாவைப் பிடுங்கிக்கொண்டாள். "பொம்பளப் புள்ள. தழும்பு விழுந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அன்றிலிருந்து அம்மாவே கலந்தாள். பால் வெட்டிவிட்டு வந்து, கை கழுவி, என்னை வாசற்படியில் உட்காரவைப்பாள். தான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கலப்பாள். சற்று நேரம் அப்படியே நிற்பாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். மறுபடியும் நிற்பாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"வாய மூடிக்கிட்டு உக்காரு."

பிறகு வந்து தடவும்போது லேசாகக் குறுகுறுக்கும், எரியாது. பச்சைத் தண்ணியைத்தான் தடவுகிறாள் என்று மாமா கேலி செய்தார். ஆனால் வளையத்தின் ஓரம் மங்கி, செதில் உதிர்ந்து, தோல் சுத்தமாக வந்தது.

மறுபடியும் மாத்தளைக்குப் போனபோது, பெரிய டீச்சர் என் கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொண்டார். அம்மா கையெழுத்துப் போட்டபோது, தாளைப் பிடித்திருந்த இடது கையிலிருந்து சேலைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டுக்கு மேலே, உட்பக்கத்தில், வரிசையாகச் சொட்டுச் சொட்டாய்ப் புண்கள். சில கருத்திருந்தன, சில இன்னும் சிவப்பாக இருந்தன.

என்னிடமிருந்து அம்மாவுக்கு ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். டீச்சர் கண்டால் கிடைத்த இடம் போய்விடுமே என்று, அந்தக் கையை மறைத்து நெருங்கி நின்றேன்.

தோட்டத்துக்கு வந்ததும் ஸ்டோருக்கு ஓடினேன்.

"மாமா, இன்னும் கொஞ்சம் அசிட் குடுங்க. அம்மாவுக்கும் வந்திருச்சு."

"எங்க?"

என் கையில் இடத்தைக் காட்டினேன். மாமா கேலி பேசவில்லை. கையிலிருந்த ரப்பர் ஷீட்டை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"அதுக்கு அசிட் வேணாம் புள்ள. தேங்காண்ணெ தடவச் சொல்லு. இனிமே அவ கலக்க வேண்டியதில்லல்ல, தானா ஆறிரும்."

எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு வந்தது எண்ணெய்க்கே மாறிவிடுகிற சாதுவான படர்தாமரை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.